நெட்வொர்க் டிரைவில் ஃபோல்டர் உருவாக்கினால் சிஸ்டம் நின்றுவிடுகிறதா? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

சென்னையில் மண்ணடி, தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பக்கம் இருக்கும் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ்களில் வேலையே ஃபோல்டரில்தான் ஆரம்பிக்கிறது. புது ஷிப்மென்ட் வந்தால் முதலில் சர்வரில் ஒரு ஜாப் ஃபோல்டர். அப்புறம்தான் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் எல்லாம் உள்ளே போகும். அந்த ஃபோல்டரை உருவாக்கும் நொடியில் திரை உறைந்து நின்றாலோ, கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனாலோ, அந்த மேசையில் வேலை நின்றுவிடுகிறது. கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் இறக்குமதி ஆவணமான பில் ஆஃப் என்ட்ரி தாமதமானால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் என்று கட்டணம் ஏறும். அதனால் இதை ஒரு சின்னத் தொல்லை என்று தள்ளிவைக்க எனக்கு மனம் வருவதில்லை.

இதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் வைத்தியம், "விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்பதுதான். அதில் ஒரு நாள் போய்விடும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர், பிரிண்டர், ஸ்கேனர், அக்கவுண்ட்ஸ் மென்பொருள் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும். கடைசியில் பழைய பிடிஎஃப் மென்பொருளைப் போட்டவுடன் அதே பிரச்சினை திரும்பி வரும். ஃபோல்டர் உருவாக்குவது பார்ப்பதற்கு ஒரே கிளிக். ஆனால் அந்தக் கிளிக், ஃபோல்டர்களைத் திறந்து காட்டும் விண்டோஸ் எக்ஸ்புளோரர், அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் மற்ற மென்பொருட்கள், ஆன்டிவைரஸ், நெட்வொர்க் டிரைவர், கேபிள், சுவிட்ச், சர்வரின் டிஸ்க் என்று பல கை மாறித்தான் போய்ச் சேருகிறது. எந்தக் கையில் நழுவுகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றவற்றைத் தொடவே வேண்டாம்.

படி 1: என்ன நடக்கிறது என்று சரியாகப் பார்க்கவும்

"சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு" என்ற ஒரே வாக்கியத்தில் மூன்று வேறு வேறு பிரச்சினைகள் அடங்கியிருக்கின்றன.

முதல் வகை, உறைதல். விண்டோ வெளுத்துப்போய் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று காட்டும், மவுஸ் நகரும், சில நேரம் அரை நிமிடம் கழித்துத் தானே சரியாகும். இங்கே எக்ஸ்புளோரர் யாருடைய பதிலுக்கோ காத்திருக்கிறது. நெட்வொர்க், செத்துப்போன பழைய டிரைவ், சர்வர் டிஸ்க் இவற்றின் மேல் சந்தேகம் போக வேண்டும்.

இரண்டாவது வகை, எக்ஸ்புளோரர் மட்டும் விழுவது. திறந்திருந்த ஃபோல்டர்கள் எல்லாம் மூடிக்கொள்ளும், கீழே டாஸ்க்பார் ஒரு நொடி காணாமல் போய்த் திரும்பி வரும். பிரவுசரும் எக்செலும் அப்படியே இருக்கும். இதற்குப் பெரும்பாலும் காரணம் ரைட் கிளிக் மெனுவில் வந்து உட்கார்ந்த வேறு ஒரு மென்பொருள்.

மூன்றாவது வகை, மொத்தக் கம்ப்யூட்டரும் விழுவது. ஸ்டாப் கோடு என்ற பிழைக் குறியீட்டுடன் நீலத் திரை வரும். புதிய விண்டோஸ் 11-இல் அது கறுப்புத் திரையாக மாறியிருக்கிறது. சாதாரண மென்பொருளால் இப்படி விழவைக்க முடியாது. பெரும்பாலும் டிரைவர், ஆன்டிவைரஸின் அடித்தளப் பகுதி, ராம் இவற்றில் ஏதாவது ஒன்றுதான்.

எந்த வகை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஃபோல்டருக்குள், எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு அந்த நேரத்தை வைத்துத்தான் விண்டோஸ் எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்புகளில் தேடப் போகிறோம்.

படி 2: அதே ஃபோல்டரை வேறு வேறு வழியில் உருவாக்கிப் பார்க்கவும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். செலவு கிடையாது, எதையும் நிறுவ வேண்டாம், ஐந்து நிமிடம் போதும்.

முதலில் டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ஒரு புது ஃபோல்டர் உருவாக்குங்கள். அங்கேயும் விழுந்தால் நெட்வொர்க்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை; நேராக படி 4-க்குப் போகலாம்.

டெஸ்க்டாப்பில் ஒழுங்காக வந்தால் நெட்வொர்க் டிரைவுக்குப் போய், மவுஸைத் தொடாமல் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். இந்த வழியில் ரைட் கிளிக் மெனு திறப்பதே இல்லை. ரைட் கிளிக்கில் விழுந்து, இதில் விழாமல் இருந்தால் குற்றவாளி அந்த மெனுவில் இருக்கிறான். விண்டோஸ் 11-இல் "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" அழுத்தினால் மட்டும் விழுகிறதா என்றும் பாருங்கள். பழைய மென்பொருட்கள் பல அந்த இரண்டாவது மெனுவில்தான் இருக்கின்றன.

அடுத்து கமாண்ட் பிராம்ப்ட். ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தேடித் திறந்து, எம்டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, இரட்டை மேற்கோளுக்குள் டிரைவ் எழுத்தோடு முழுப் பாதையையும் புது ஃபோல்டரின் பெயரையும் கொடுத்து என்டர் அழுத்துங்கள். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டாம். அப்படித் திறந்தால் நீங்கள் மேப் செய்த டிரைவ் (சர்வர் ஃபோல்டருக்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுத்து இணைத்தது) அதற்குத் தெரியாமல் போகலாம். இந்த வழியில் எக்ஸ்புளோரருக்கு வேலையே இல்லை. ஃபோல்டர் உடனே உருவானால் கேபிள், சுவிட்ச், சர்வர், ஃபோல்டர் உருவாக்கும் அனுமதி எல்லாம் அந்த நேரத்தில் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கோளாறு உங்கள் கம்ப்யூட்டரின் எக்ஸ்புளோரருக்குள். இங்கேயும் நின்று யோசித்தால் கோளாறு கீழே, நெட்வொர்க்கிலோ சர்வரிலோ.

டிரைவ் எழுத்தை விட்டுவிட்டு, இரண்டு பின்சாய்கோடு போட்டு சர்வரின் பெயரை நேரடியாக அடித்தும் ஒருமுறை முயலுங்கள். அதில் மட்டும் சரியாக வந்தால் மேப் செய்த டிரைவ்தான் கெட்டுப்போயிருக்கிறது. கடைசியாக, பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரில் இருந்து அதே இடத்தில் ஃபோல்டர் உருவாக்கச் சொல்லுங்கள். ஆபீஸில் எல்லாருக்கும் விழுகிறது என்றால் உங்கள் கம்ப்யூட்டரைப் பிரித்து மேய்வதில் பயன் இல்லை. சர்வர் பக்கம் போக வேண்டும்.

எம்டி வழி வேலை செய்தால் இன்றைய வேலைக்கு ஒரு தற்காலிக வழியும் கிடைத்துவிட்டது. ஜாப் ஃபோல்டருக்கும் அதற்குள் இருக்க வேண்டிய துணை ஃபோல்டர்களுக்கும் எம்டி வரிகளை ஒரு நோட்பேட் கோப்பில் எழுதி பேட்ச் ஃபைலாகச் சேமித்துக் கொடுத்தால், காரணம் கண்டுபிடிக்கும் வரை யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். பல ஆபீஸ்கள் பிரச்சினை தீர்ந்த பிறகும் அந்தக் கோப்பை விடுவதில்லை; எல்லா ஜாப்பும் ஒரே அமைப்பில் வருவது அவர்களுக்குப் பிடித்துப்போய்விடுகிறது.

படி 3: விண்டோஸ் எழுதிவைத்த குறிப்பைப் படிக்கவும்

ஸ்டார்ட் மெனுவில் "ரிலயபிலிட்டி" என்று தேடினால் ரிலயபிலிட்டி மானிட்டர் திறக்கும். நாள்வாரியாக ஒரு கட்டம். எந்த நாளில் சிவப்புக் குறி ஆரம்பிக்கிறது, அதற்கு முந்தைய நாளில் எந்த மென்பொருளோ அப்டேட்டோ ஏறியிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். பல நேரம் விடை இங்கேயே கிடைத்துவிடும்.

இன்னும் விவரம் வேண்டுமென்றால் ஈவென்ட் வியூவர். அதில் விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் என்று போய், நீங்கள் குறித்துவைத்த நேரத்தைத் தேடுங்கள். எக்ஸ்புளோரரின் பெயரோடு எண் 1000 இருந்தால் அது விழுந்திருக்கிறது. 1002 என்றால் உறைந்திருக்கிறது. 1000 இருந்தால் அதைத் திறந்து "ஃபால்டிங் மாட்யூல்" என்ற வரியைப் பாருங்கள். அங்கே ஒரு பிடிஎஃப் மென்பொருளின் அல்லது கிளவுட் சேமிப்பு மென்பொருளின் கோப்பு இருந்தால் தேடல் முடிந்தது. என்டிடிஎல்எல் என்று விண்டோஸின் சொந்தக் கோப்பு இருந்தால் அவசரப்பட்டு விண்டோஸைக் குறை சொல்ல வேண்டாம். வேறு ஒருவன் கெடுத்த நினைவகத்தால் அது கடைசியில் விழுந்திருக்கலாம்.

படி 4: ரைட் கிளிக் மெனுவைச் சுத்தம் செய்தல்

கிளியரிங் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் இந்தக் கோளாறு அதிகம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. கஸ்டம்ஸ் தளத்தில் ஆவணம் ஏற்றுவதற்காக பிடிஎஃப்பைச் சேர்க்க ஒரு மென்பொருள், பிரிக்க ஒன்று, சுருக்க ஒன்று, ஜிப் செய்ய ஒன்று, ஆன்டிவைரஸ், கிளவுட் பேக்கப் என்று அடுக்கிக்கொண்டே போவோம். ஒவ்வொன்றும் ரைட் கிளிக் மெனுவில் தன் பெயரைச் சேர்க்கும். அந்தத் துண்டு எக்ஸ்புளோரருக்கு உள்ளேயே ஓடும். அதனால் அது விழுந்தால் எக்ஸ்புளோரரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். டெஸ்க்டாப்பில் விழாமல் நெட்வொர்க் டிரைவில் மட்டும் விழுவது ஏன் என்று கேட்கலாம். அந்தத் துண்டுகளில் சில, ஃபோல்டரைத் தொட்டவுடன் உள்ளே இருக்கும் கோப்புகளைப் படிக்கப் பார்க்கும். பதில் தாமதமாக வரும் நெட்வொர்க்கைச் சரியாகக் கையாளத் தெரியாதபடி அவை எழுதப்பட்டிருக்கும்.

நிர்சாஃப்ட் வெளியிடும் ஷெல்எக்ஸ்வியூ என்ற இலவசக் கருவி இதற்குப் போதும். திறந்தவுடன் ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்டின் சொந்தப் பதிவுகளை மறைத்துவிடுங்கள். அவற்றில் கை வைக்க வேண்டாம். மீதி இருப்பவை எல்லாம் வெளியில் இருந்து வந்தவை. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து முடக்கிவிட்டு, டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்புளோரரை ரீஸ்டார்ட் செய்து, நெட்வொர்க் டிரைவில் ஃபோல்டர் உருவாக்குங்கள். விழாமல் இருந்தால் பாதியை மட்டும் திரும்ப இயக்கிப் பாருங்கள். விழுந்தால் குற்றவாளி அந்தப் பாதிக்குள். விழாவிட்டால் மற்றப் பாதிக்குள். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் இருபது பதிவுகள் இருந்தாலும் ஐந்து சுற்றுக்குள் ஆள் சிக்கிவிடும். ஒவ்வொன்றாகச் சோதிப்பதை விட இது எவ்வளவோ மேல்.

சிக்கிய மென்பொருளை முதலில் புதிய பதிப்புக்கு மாற்றிப் பாருங்கள். அப்படியும் திருந்தவில்லை என்றால் அந்த மெனுத் துண்டை மட்டும் முடக்கிவிட்டு மென்பொருளை வைத்துக்கொள்ளலாம். உள்ளே போய்த் திறந்தால் வழக்கம்போல் வேலை செய்யும்.

கிளவுட் மென்பொருட்கள் ஃபோல்டர் மேல் பச்சை டிக், நீல வட்டம் போடுவதற்கும் இதே மாதிரி துண்டுகள் உண்டு. அவற்றில் 15-ஐத்தான் விண்டோஸ் ஏற்கும். பயன்படுத்தாத கிளவுட் மென்பொருள் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

படி 5: முன்னோட்டமும் சிறுபடமும்

ஆயிரக்கணக்கான ஸ்கேன் பிடிஎஃப்கள் கிடக்கும் ஃபோல்டரில் ப்ரிவியூ பேன் திறந்திருந்தால், எக்ஸ்புளோரர் அவற்றை நெட்வொர்க் வழியாக இழுத்துக்கொண்டே இருக்கும். வியூ மெனுவில் ப்ரிவியூ பேனை மூடி, டீட்டெயில்ஸ் என்ற பட்டியல் முறைக்கு மாற்றுங்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் "ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்நெயில்ஸ்" என்பதை டிக் செய்யுங்கள். அதே இடத்தில் "லாஞ்ச் ஃபோல்டர் விண்டோஸ் இன் எ செபரேட் ப்ராசஸ்" என்று ஒன்று இருக்கும். அதையும் டிக் செய்தால், ஒரு விண்டோ விழுந்தாலும் டாஸ்க்பார் சேர்ந்து விழாது.

படி 6: செத்த டிரைவ்களும் ஆஃப்லைன் ஃபைல்களும்

உறைதல் வகைக்கு இது முக்கியம். கமாண்ட் பிராம்ப்டில் நெட் யூஸ் என்று அடித்தால் மேப் செய்த எல்லா டிரைவும் பட்டியலாக வரும். எப்போதோ கழற்றி எடுத்த சர்வரின் பெயர் இன்னும் அங்கே இருந்தால், எக்ஸ்புளோரர் அதைத் தேடிக்கொண்டு நிற்கும். வேண்டாதவற்றை நீக்குங்கள். வேண்டியதையும் ஒருமுறை நீக்கி, கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பாஸ்வேர்டை அழித்து, புதிதாக மேப் செய்யுங்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் எக்ஸ்புளோரர் ஹிஸ்டரியையும் கிளியர் செய்துவிடுங்கள்.

சர்வரின் ஐபி எண் அடிக்கடி மாறுகிறதா என்று பாருங்கள். ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆன பிறகு எல்லாருக்கும் சேர்ந்து பிரச்சினை வந்தால் அதுதான். ரவுட்டரில் சர்வருக்கு ஒரு நிலையான எண்ணை ஒதுக்கிவிடுங்கள்.

சிங்க் சென்டரில், சர்வர் கோப்புகளின் நகலை உங்கள் கம்ப்யூட்டரில் வைக்கும் ஆஃப்லைன் ஃபைல்ஸ் இயங்கிக்கொண்டிருந்தால், முதலில் முழுதாக சிங்க் ஆகவிட்டு, அப்புறம் நிறுத்துங்கள். சிங்க் முடியாமல் நிறுத்தினால் சர்வருக்குப் போய்ச் சேராத கோப்புகள் கைவிட்டுப் போகலாம்.

படி 7: பெயரும் அனுமதியும்

இது கிராஷ் இல்லை. ஆனால் கிராஷ் என்று நினைத்துக் கூப்பிடுவார்கள். "அண்ணே, நியூ ஃபோல்டர்னு வருது, பேரு மாத்த விடமாட்டேங்குது" என்று போன் வந்தால் கோளாறு அனுமதியில். எக்ஸ்புளோரர் முதலில் "நியூ ஃபோல்டர்" என்ற பெயரில் ஒன்றை உருவாக்கிவிட்டு, அப்புறம்தான் நீங்கள் கொடுக்கும் பெயருக்கு மாற்றுகிறது. விண்டோஸ் சர்வரில் பெயர் மாற்றுவதற்கு டெலிட் அனுமதி வேண்டும். யாரும் எதையும் அழித்துவிடக் கூடாது என்று முதலாளி டெலிட்டை எடுத்துவிட்டிருந்தால், ஃபோல்டர் உருவாகும், பெயர் மாறாது. "நியூ ஃபோல்டர் 2", "நியூ ஃபோல்டர் 3" என்று சர்வரில் குவிந்து கிடந்தால் இதுதான் அடையாளம். எம்டி வழியில் நேராகச் சரியான பெயரிலேயே உருவாவதால் அங்கே இந்தத் தடை வராது.

பெயரிலும் சில பொறிகள் உண்டு. கன்சைன்மென்ட்டைச் சுருக்கி சிஓஎன் என்று மூன்று எழுத்தில் ஃபோல்டருக்குப் பெயர் வைக்க முடியாது. பிஆர்என், ஏயூஎக்ஸ், என்யூஎல் ஆகியவையும் அப்படியே. பழைய டாஸ் காலத்தில் இருந்து விண்டோஸ் தனக்கென ஒதுக்கிவைத்த பெயர்கள் இவை. இன்வாய்ஸ் எண்ணில் வரும் சாய்கோட்டுக்குப் பதிலாக ஹைஃபன் போடுங்கள். பார்ட்டி பெயரின் கடைசியில் புள்ளி வேண்டாம். முழுப் பாதையின் நீளம் பொதுவாக 260 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. புது ஃபோல்டருக்கு அந்த எல்லை 248. பார்ட்டி பெயர், பிஎல் (பில் ஆஃப் லேடிங்) எண், நாலு கன்டெய்னர் எண் எல்லாவற்றையும் ஃபோல்டர் பெயரில் அடைத்தால் சீக்கிரமே அங்கே முட்டும். ஜாப் எண்ணும் பார்ட்டியின் சுருக்கப் பெயரும் போதும்.

படி 8: கேபிளும் கடல் காற்றும்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் கடலை ஒட்டி இருக்கும் ஆபீஸ்களில் இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. உப்பு கலந்த ஈரக் காற்று, கேபிள் முனையிலும் சுவிட்ச் போர்ட்டிலும் இருக்கும் உலோகத்தை மெல்ல அரிக்கும். மலிவான கனெக்டரில் தங்க முலாம் மெல்லியதாக இருப்பதால் இன்னும் சீக்கிரம் கெடும். லைட் எரியும், இணையம் கூட வரும். ஆனால் தொடர்பு நொடிக்கணக்கில் விட்டு விட்டு வரும். பிரவுசர் அதைத் தாங்கிக்கொள்ளும். ஃபோல்டர் உருவாக்கிக்கொண்டிருக்கும் எக்ஸ்புளோரர் அதே நொடியில் மாட்டிக்கொண்டு உறையும்.

சோதிப்பது எளிது. நெட்வொர்க் அடாப்டரின் ஸ்டேட்டஸில் வேகத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் கிகாபிட் கருவி இருந்தும் 100 எம்பிபிஎஸ் என்று காட்டினால், கேபிளின் எட்டு கம்பிகளில் ஏதோ ஒன்று சரியாகத் தொடவில்லை. அடுத்து சர்வரை நோக்கித் தொடர் பிங் ஓடவிட்டு, ஒரு பெரிய கோப்பைக் காப்பி செய்யுங்கள். நடுவில் "டைம்டு அவுட்" வந்தால் வேறு கேபிள், வேறு போர்ட் மாற்றிப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்த கனெக்டரைத் துடைத்துப் போடாமல் வெட்டிவிட்டுப் புதிதாக கிரிம்ப் செய்வதே நல்லது. சுவிட்சை ஜன்னல் ஓரத்தில் இருந்து உள்ளே தள்ளி வையுங்கள். சர்வருக்கு யூபிஎஸ் கொடுத்து சுவிட்சை நேரடி மின்சாரத்தில் விட்டிருக்கும் ஆபீஸ்கள் நிறைய. சுவிட்சையும் யூபிஎஸ்ஸில் சேருங்கள்.

டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

படி 9: நீலத் திரை வந்தால்

முதலில் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்துங்கள். அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி பகுதியில் அந்த டிக் இருக்கும். அதே இடத்தில் ஸ்மால் மெமரி டம்ப் என்று தேர்ந்தெடுங்கள். அடுத்த முறை விழும்போது ஸ்டாப் கோடை போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் ஒரு கோப்பும் சேரும். நிர்சாஃப்டின் புளூஸ்கிரீன்வியூவில் அதைத் திறந்தால், விழுந்த நேரத்தில் எந்த டிரைவர் ஓடியது என்று காட்டும்.

ஆர்டிஆர் ஃபைல் சிஸ்டம் என்ற ஸ்டாப் கோடு, அதாவது 0எக்ஸ்27, நெட்வொர்க் டிரைவைக் கையாளும் விண்டோஸ் பகுதிக்குள் விழுந்ததைக் குறிக்கும். அப்படியென்றாலும் எம்ஆர்எக்ஸ்எஸ்எம்பி, ஆர்டிபிஎஸ்எஸ் என்ற விண்டோஸ் டிரைவர்களைத் தண்டிக்காதீர்கள். அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ஆன்டிவைரஸ், விபிஎன், பேக்கப் டிரைவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆன்டிவைரஸைச் சோதிக்க, அதை டிஸேபிள் செய்தால் போதாது. அதன் டிரைவர் உள்ளேயே இருக்கும். அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியால் முழுதாக எடுத்து, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் அந்த இடத்துக்குத் தானே வந்துவிடும், அதனால் கம்ப்யூட்டர் காவல் இல்லாமல் கிடக்காது. நெட்வொர்க் கார்டின் டிரைவரை மதர்போர்டு அல்லது லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் இருந்து எடுத்துப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஸ்டாப் கோடு வந்தால் ராமைச் சந்தேகித்து, விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓடவிடுங்கள்.

ஈவென்ட் வியூவரில் கர்னல்-பவர் 41 என்று இருப்பதைக் காட்டி, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) போய்விட்டது என்று மாற்றச் சொல்வார்கள். கம்ப்யூட்டர் முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. ஸ்டாப் கோடும் இல்லை, மினிடம்ப்பும் இல்லை என்றால்தான் மின்சாரப் பக்கம் போக வேண்டும்.

படி 10: சர்வர் பக்கம்

எல்லாருக்கும் ஒரே மாதிரி உறைந்தால் சர்வரிலோ நாஸ் பெட்டியிலோ (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) டிஸ்க் நிறைந்திருக்கிறதா, பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு "டிகிரேடட்" என்று காட்டுகிறதா, டிஸ்க் தன் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் மோசமான செக்டார்கள் ஏறுகின்றனவா என்று பாருங்கள். டிஸ்க் தடுமாறுகிறது என்று தெரிந்தால் வேறு எதையும் செய்வதற்கு முன் பேக்கப் எடுங்கள். சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டரையே சர்வராக வைத்திருந்தால் ஒரே நேரத்தில் 20 இணைப்புகள்தான் தாங்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பழைய நாஸ் பெட்டி விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்குப் பிறகு திறக்கவே மறுத்தால், அந்தப் பதிப்பு பாதுகாப்பை இறுக்கியிருப்பதுதான் காரணம். அப்போது யாராவது, நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறையின் மிகப் பழைய பதிப்பான எஸ்எம்பி1-ஐ இயக்கிவிடச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிய வானாக்ரை பரவியது அந்தப் பழைய எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். நாஸின் மென்பொருளைப் புதுப்பித்து எஸ்எம்பி2 அல்லது எஸ்எம்பி3-ஐ இயக்குங்கள், ஒவ்வொருவருக்கும் தனி பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். அதற்கு வழியில்லாத பெட்டி என்றால் பெட்டியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

படி 11: கடைசியில் விண்டோஸ் கோப்புகள்

இவ்வளவுக்கும் பிடிபடவில்லை என்றால் அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்ப்டில் முதலில் டிஸ்ம் கட்டளையை ஆன்லைன், கிளீன்அப்-இமேஜ், ரெஸ்டோர்ஹெல்த் என்ற மூன்று தெரிவுகளோடு ஓடவிடுங்கள். அது முடிந்த பிறகு, கெட்டுப்போன விண்டோஸ் கோப்புகளை மாற்றும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். இந்த வரிசை முக்கியம். எஸ்எஃப்சி நல்ல கோப்புகளை எடுக்கும் கிடங்கை டிஸ்ம்தான் சரிசெய்கிறது.

அதற்கும் மேலே, விண்டோஸில் ஒரு புது யூசர் கணக்கை உருவாக்கி அதில் லாகின் செய்து முயலுங்கள். அங்கே ஃபோல்டர் ஒழுங்காக உருவானால் பழைய கணக்கின் அமைப்புகள்தான் கெட்டிருக்கின்றன. கோப்புகளைப் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொண்டால் போதும். புதுக் கணக்கிலும், எல்லா வெளி மென்பொருளும் முடங்கிய நிலையிலும், நல்ல கேபிளிலும் விழுந்தால் மட்டுமே விண்டோஸை மறுபடி போடுங்கள். அதற்கு முன் டோக்கன் டிரைவரின் நிறுவல் கோப்பு, மென்பொருள் லைசென்ஸ் எண்கள், மேப் செய்த டிரைவ்களின் பாதைகள் மூன்றையும் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். போட்டு முடித்த பிறகு மென்பொருட்களை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் பின் நெட்வொர்க் டிரைவில் ஒரு ஃபோல்டர் உருவாக்கிப் பாருங்கள்.